பதிவு என்றொரு பொத்தான்

அவளை வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி, முந்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றப் பழங்களெல்லாம் கொட்டையை வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு சாதுவாகத் தொங்க, முந்திரி மட்டும் கொட்டையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் பேச்சும் அந்த ரகம். எதிரில் இருப்பவர் முதல் சொல்லை எடுப்பதற்குள் மிச்சத்தை இவள் முடித்து வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு இவள் பதில் சொல்லி, பதில் சரியாக இருந்தும் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் "சம்மதமா?" என்று கேட்டபோது, "அவருக்குச் சம்மதம்தான்" என்று பெண் சொல்லிவிட்டதாகக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பொய் என்று அவள் சாதிப்பாள். யாரும் நம்புவதில்லை.

பதினான்கு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே அந்த வாய்க்கு மரியாதை இருந்தது. "அம்மா, எங்க வீட்டு லைன்..." என்று ஒருவர் இழுக்கும்போதே, "கரகரன்னு சத்தமா, இல்ல செத்தே போச்சா?" என்று பிடித்துவிடுவாள். பிறகு ஒரு நாள், மனிதர்கள் இருந்த இடத்தில் ஓர் இயந்திரக் குரலை உட்கார வைத்துவிட்டு அந்தப் பிரிவை மூடினார்கள். வீட்டில் சும்மா இருந்த அடுத்த வருடத்தை அவள் தன் ஆயுள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கணவன் அச்சகத்துக்குக் கிளம்பிப் போனால் அந்த மூன்று அறைகளிலும் அவளும் அவள் நாத்தனாரும்தான். துடைத்த மேஜையை மறுபடி துடைப்பாள். ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். தெருவில் யாராவது வழி கேட்டால் மாடியிலிருந்தே பதில் சொல்வாள்.

நாத்தனார், கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவர். அதிர்ந்து பேசாதவர் என்று ஊரெல்லாம் பெயர். பேச இடம் கிடைத்தால்தானே அதிர்வதற்கு?

"எனக்குக் கொஞ்ச நாளா இந்தப் பக்கம்..." என்று அவர் ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"வாயு அண்ணி. வெந்நீர் குடிங்க, சரியாயிடும்."

அண்ணி வெந்நீர் குடித்தார். பேச்சு அத்தோடு போயிற்று.

அப்படி இருந்தவளுக்குத்தான் இணையதளங்கள் செய்துதரும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. புதிதாகச் செய்த இணையதளத்தை நாலு சாதாரண மனிதர்களை அழைத்து உட்கார வைத்துக் காட்ட வேண்டும். "இதில் இன்னது செய்யுங்கள்" என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உதவி மட்டும் செய்யவே கூடாது. சோதனை அறைச் சுவரில் முதலாளி தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: வாயை மூடு, கண்ணைத் திற.

"பேசாம இருக்கிற வேலைக்கா போற?" கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மீனை மரமேறச் சொன்ன மாதிரிதான்."

"ஏன், ஏறாதா? ஏறிக் காட்டறேன் பாருங்க."

வேலை நிரந்தரம் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் இணையதளத்துக்கு முகப்புப் பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். முதலாளி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "இந்த முகப்பு தேறினா நீங்களும் தேறினீங்க. இல்லேன்னா சோதனைக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு யோசிக்க வேண்டியிருக்கும்."

மறுபடி அந்த மூன்று அறைகளா?

முகப்பின் உயிர் ஒரு பொத்தானில் இருந்தது. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவதற்கான பொத்தான் அது. வடிவமைப்பாளப் பெண் அதை அழகான வட்டமாகப் போட்டிருந்தாள். "டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க" என்று எழுதினால் எழுத்து வட்டத்துக்கு வெளியே வழிந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் முந்திரிதான் முந்தினாள்.

"பதிவுன்னு போடுங்களேன். ஒரே வார்த்தை. முன்பதிவுக்கும் ஆச்சு, பேர் பதிவுக்கும் ஆச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை சோதனை. ஐந்து பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவள் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, நாக்கைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த கேள்வியை மட்டும் கேட்டாள். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார், வட்டத்தை அமுக்கினார், நேரம் வாங்கினார், எழுந்துபோனார். அடுத்தவரும் அப்படியே. அடுத்தவரும். பக்கத்து அறையில் திரை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ஒவ்வொரு முறையும் மேஜையைத் தட்டுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

கடைசியாக வந்தவள் ஒரு தையற்காரி. அவளும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல முடித்துவிட்டாள். நன்றி சொல்லிக் கதவு வரை போனவள் நின்றாள். தயங்கித் திரும்பினாள்.

"ஏம்மா, நெசமாவே அந்த ஆஸ்பத்திரில டாக்டரைப் பாக்கணும்னா எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்?"

"இப்பத்தானேம்மா அதைச் செஞ்சீங்க?"

"அதுவா இது?" என்றாள் தையற்காரி. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"அஞ்சுக்கு அஞ்சு!" முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "திங்கக்கிழமை காலைல ஊருக்கே திறந்துவிடறோம். உங்க நிரந்தர வேலைக்கான ஆர்டரும் அன்னிக்கே."

"சார், அந்தத் தையல்கார அம்மா போகும்போது..."

"அட விடுங்க. பாஸான பிள்ளையைப் பிடிச்சு வெச்சு மறுபடி பரீட்சை எழுதச் சொல்றீங்களே!"

சிரித்தாள். ஆனால் பேருந்தில் திரும்பும்போது செருப்புக்குள் மணல் புகுந்ததுபோல அந்தக் கேள்வி உறுத்தியது. *அதுவா இது?* செய்து முடித்தவளுக்கே தான் என்ன செய்தோம் என்று தெரியவில்லை என்றால், அவள் செய்தது என்ன? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி கவிழ்த்தாள். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா? பாக்கிற எனக்கே தலை சுத்துது."

"ஒண்ணுமில்ல அண்ணி." சொன்னவள், சட்டென்று மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். "எங்க ஆபீஸ்ல ஒரு ஆஸ்பத்திரிக்குச் செஞ்சது. நீங்கதான் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன். இதுல நீங்க..."

கேள்வியை முடிக்க நாத்தனார் விடவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் முந்திக்கொண்டார்.

"இதுல டாக்டரைப் பாக்க நேரம் கேக்க முடியுமா?" குரல் ஏனோ தாழ்ந்திருந்தது. "எங்க அமுக்கணும்?"

இதோ, இந்த வட்டம் என்று விரல் பாய்ந்தது. அதைப் பாதி வழியில் பிடித்து மடக்கினாள். வாயை மூடு, கண்ணைத் திற.

நாத்தனார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். சிரிக்கும் மருத்துவரின் படத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டடத்தின் படத்தைத் தட்டினார், அது பெரிதாயிற்று. மேலே போனார், கீழே போனார். வட்டத்தின் பக்கத்திலேயே திரையின் அம்புக்குறி இரண்டு தடவை போய் நின்றது. இரண்டு தடவையும் சூடு பட்டதுபோல விலகி ஓடியது. முந்திரி தன் முழங்காலை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எனக்கு இதெல்லாம் வராதுடி." நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்காத ஜென்மம்."

"வட்டமா ஒண்ணு இருக்கே அண்ணி, அதை ஏன் தொடல?" இந்தக் கேள்விக்கு அனுமதி உண்டு. ஆள் முயற்சியைக் கைவிட்டபிறகு கேட்கலாம்.

"அதுவா? பதிவுன்னு போட்டிருக்கே. அது எனக்கு எதுக்கு?"

முந்திரி பேசவில்லை.

"எங்க வீட்டுக்காரர் போனாரே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னை ஒரு ஜன்னலுக்கு அனுப்பினாங்க. மேல பெரிசா பதிவுன்னு எழுதியிருந்தது. அங்கதான் அவர் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். போட்டப்புறம்தான் அவர் செத்துட்டார்னே எனக்கு உறைச்சுது." மடித்த துணியை அவர் மறுபடி பிரித்தார். "ஆஸ்பத்திரியில பதிவுன்னா எனக்கு வேற என்னடி தெரியும்? உயிரோட இருக்கிறப்பவே நானே போய் அதை அமுக்கச் சொல்றியா?"

முந்திரி பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனம் நீண்டது. நீண்டதால்தான், அதன் மறு முனையிலிருந்து இன்னொன்று மெல்ல வெளியே வந்தது.

"மார்ல ஒரு கட்டி இருக்குடி. கொஞ்ச நாளா. முதல்ல பட்டாணி மாதிரி இருந்தது. இப்ப அப்படி இல்ல."

"அண்ணி!"

"உங்கிட்டச் சொல்ல வந்தேன். நீ வெந்நீர் குடிக்கச் சொன்னே."

அவர் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். குற்றம் சாட்டியிருந்தாலாவது பதிலுக்கு அழுதிருக்கலாம். முந்திரி எழுந்து சமையலறைக்குப் போனாள், எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தாள், நாத்தனாரின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

அந்த நிமிடமே அந்த மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசித் திங்கள் காலைக்கு நேரம் வாங்கினாள். பிறகு வெள்ளிக்கிழமைச் சோதனையின்போது எடுத்து வைத்திருந்த ஒலிப்பதிவை மடிக்கணினியில் போட்டுக் கேட்டாள். அவளுடைய குரல்தான், ஐந்து தடவையும் மாறாமல்: "உங்களுக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைப் பார்க்க நேரம் *பதிவு* செய்யணும். எப்படிச் செய்வீங்க?"

விடையைக் கேள்விக்குள்ளேயே ஊட்டிவிட்டிருக்கிறாள்! வந்தவர்கள் மருத்துவரைத் தேடவில்லை. அவள் வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திரையில் தேடினார்கள், கண்டார்கள், அமுக்கினார்கள். கிளிப்பிள்ளைக்கும் அது முடியும். தான் பெற்ற சொல் என்ற செல்லத்தில், அதைக் கேள்வியிலும் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். வாயைத்தான் மூடினாள். அந்த வாய் அதற்கு முன்பே காகிதத்தில் பேசிவிட்டிருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன? திங்கட்கிழமை முகப்பு திறக்கும். வேலை நிரந்தரமாகும். கண்டுபிடிக்க முடியாதவர்கள், "எனக்கு இதெல்லாம் வராது" என்று தங்களையே நொந்துகொண்டு மூடிவிடுவார்கள். யாரும் புகார் சொல்லப் போவதில்லை. புகார்ப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தவளுக்கு இது நன்றாகத் தெரியும்: தன்மேலேயே தப்பு என்று நினைப்பவன் புகார் சொல்ல வருவதே இல்லை.

அவளால் முடியவில்லை. கட்டிலில் துணிகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். தொலைபேசியை எடுத்தாள்.

"சார், அஞ்சு பேரும் தேறல."

"அஞ்சு பேரும் அமுக்கினதை நானே கண்ணால பாத்தேனேம்மா?"

"தேறினது என் கேள்வி சார். முகப்பு இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் நீண்ட மூச்சுச் சத்தம். "திங்கக்கிழமை திறப்பு விழான்னு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. உங்க ஒருத்தர் வீட்டு நாத்தனாருக்குப் புரியலேன்னு நான் நிறுத்த முடியுமா?"

"திங்கக்கிழமை காலைல நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன் சார். நீங்களும் வாங்க. காத்திட்டிருக்கிற மூணு பேர்கிட்ட நீங்களே காட்டுங்க. அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. கண்டுபிடிச்சுட்டாங்கன்னா திறந்துடுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்."

முதலாளி வந்தார். மருத்துவமனைக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள், இருமல், மருந்து வாசனை. நாத்தனார் ஓரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்திரி நின்றாள், நடந்தாள், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்பினாள்.

முதலாளி முதலில் பிடித்தது காலில் கட்டோடு இருந்த ஓர் இளைஞனை. அவன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வட்டத்தைக் காட்டி அது என்ன என்று அவர் கேட்டதற்கு, "டாக்டருங்க ஏதாவது எழுதுவாங்க போல. நெட்ல பதிவு போடறாங்க இல்ல, அதுமாதிரி. படிக்கிற மூடு இல்ல சார், கால் வலிக்குது" என்றான். அடுத்தவர் ஒரு பெரியம்மா. "பதிவுதானே, வந்ததுமே கீழ பண்ணிட்டேனே. இன்னொரு தடவை வேறயா?" என்று பதறிப்போய்ச் சீட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாவதாகக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய். அவள் சிரிக்கும் மருத்துவரையே தட்டினாள். மறுபடி தட்டினாள். நாலாவது தட்டில் முதலாளிக்கு நெற்றி நரம்பு புடைத்தது.

"அம்மா, மேலதான் வட்டமா, பெரிசா, பச்சையா இருக்கே! உங்க கண்ணு முன்னாலதானே இருக்கு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"சுவத்துல எழுதி ஒட்டினது யாரு சார்?" என்றாள் முந்திரி. கேட்டிருக்கக் கூடாதுதான். வாய் அது.

முதலாளி அவளை முறைத்தார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். மருத்துவமனை நிர்வாகியிடம் "இன்னும் ஒரு வாரம்" என்று அவர் கெஞ்சுவதும், திட்டு வாங்குவதும் காதில் விழுந்தது. முகம் வியர்க்கத் திரும்பி வந்தார்.

"வட்டத்தை எடுத்துடச் சொல்லிட்டேன். நீளமா ஒரு பட்டை. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கன்னு முழுசா எழுதச் சொல்லியிருக்கேன். அழகு போனாப் போகட்டும்."

"அதையும் சோதிக்கணும் சார். எழுதிட்டதால சரின்னு ஆயிடாது."

"சோதிங்க." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஆர்டர் இப்போதைக்கு இல்ல. ஒரு வார நஷ்டத்துக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். இன்னும் மூணு மாசம் போகட்டும், பார்க்கலாம். கேள்வி எழுதினா முதல்ல எங்கிட்டக் காட்டுங்க."

மூன்று மாதம். தலைக்கு மேல் கத்தி அப்படியே தொங்குகிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு நாற்காலி உண்டு. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவள் முடிவு செய்வதற்குள் செவிலி நாத்தனாரை அழைத்தாள். முந்திரியும் கூடவே எழுந்தாள்.

"நான் மட்டும் போறேன்," என்றார் நாத்தனார். "நீ வந்தா எனக்குப் பதிலா உனக்கு வைத்தியம் பண்ணி அனுப்பிடுவாங்க."

கதவு மூடிக்கொண்டது. அவள் அதன் முன்னால் நடந்தாள். சுவருக்குச் சுவர். எதிரில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். உள்ளே என்ன கேட்கிறார்களோ, அண்ணி என்ன சொல்கிறாரோ, சரியாகச் சொல்கிறாரோ இல்லையோ! கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், இறக்கினாள். பட்டாணி மாதிரி என்று சொன்னாரே, அப்போதே சொல்லவிட்டிருந்தால்? அந்த எண்ணத்தை அவளால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

கதவு திறந்தது. நாத்தனாரின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கையில் ஒரு சீட்டு மட்டும் இருந்தது.

"நாளைக்கு ஊசி வெச்சு, கட்டியிலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணுமாம். பாத்தாத்தான் சொல்ல முடியுமாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம், இப்பவாவது வந்தீங்களேன்னாங்க." நாற்காலியில் உட்கார்ந்தார். "நிறையக் கேட்டாங்கடி. எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன்."

முந்திரியின் பையில் தொலைபேசி அடித்தது. அச்சகத்திலிருந்து கணவன். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பியதும் அவனுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது எல்லாம்: கட்டி, ஊசி, நாளைக்கு, பயப்படாதீங்க. எடுத்துக் காதில் வைத்தாள்.

"இருங்க," என்று மட்டும் சொல்லி நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அக்காதான்டா பேசறேன்... இல்லடா, அவ நல்லாத்தான் இருக்கா, சுவருக்கும் சுவருக்கும் நடந்துட்டிருக்கா. நான்தான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாமக் கேளு."